ஆல்பர்ட் ஸ்பால்டிங்: பழைய விளையாட்டு ஏடுகளைக் காத்த வணிகர்

அச்சேறும் காகிதங்களுள் மிக விரைவில் அழிவன எவை என்று வினவினால், கடைக்காரர் அனுப்பும் விலைப்பட்டியல்களும் சிறுவர் வாங்கும் விளையாட்டு விதிப் புத்தகங்களுமே என்று விடை கூறலாம். காவியங்களைப் பட்டில் பொதிந்து வைப்பார் உளர். சட்ட நூல்களைத் தோலட்டை கட்டி அலமாரியில் அடுக்குவாரும் உளர். மட்டை இன்ன விலை, பந்து இன்ன விலை என்று கூறும் ஜாபிதாவையோ, புதியது வந்த அன்றே பழையதைக் கிழித்துப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடுகிறோம். ஆயினும் இரண்டொரு தலைமுறை கழிந்தபின், நம் பாட்டனார் எவ்வாறு விளையாடினர், எத்தகைய மட்டையைப் பிடித்தனர், எவ்விதிகளுக்கு அடங்கி ஆடினர் என்று அறிய விரும்புவோர்க்கு அக்காகிதங்களைப் போன்ற நேர்ச்சாட்சி வேறில்லை.

இத்தகைய ஏடுகளைத் தம் தொழிலின் பொருட்டு அச்சிட்டுப் பரப்பியவரும், பின்னர் அவற்றை அருஞ்செல்வமாக மதித்துத் திரட்டியவரும், முடிவில் அத்தகைய ஏடுகளாலேயே தம் கொள்கையொன்று பிழையென்று காட்டப்பெற்றவருமான ஒரு மனிதரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த ஆல்பர்ட் குட்வில் ஸ்பால்டிங் என்பவர்.

இளமைப் பருவம்

ஸ்பால்டிங் 1849-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் நாள், இல்லினாய் மாகாணத்தில் பைரன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார், மகன் நன்கு கல்வி பயிலவேண்டும் என்னும் விருப்பத்தால், அவரை ராக்போர்டு என்னும் நகரில் உறவினர் வீட்டில் தங்கவைத்தார். தாயைப் பிரிந்து அறிமுகமில்லாத ஊரில் வாழ்ந்த அப்பிள்ளை நாணமும் தனிமையும் மிக்கவராயிருந்தார். மற்றைச் சிறுவர்கள் திடலில் பேஸ்பால் ஆடுவதைத் தூரத்தே நின்று பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் அடிக்கப்பெற்ற பந்து தம்மை நோக்கிப் பறந்து வர, அவர் அதைக் கையாற் பிடித்து நேரே திடலுக்குள் வீசினார். அவ்வீச்சின் வேகத்தைக் கண்ட சிறுவர்கள் அவரைத் தங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டனர். தம் வாழ்வின் போக்கையே மாற்றியது அந்நிகழ்ச்சி என்று அவர் முதுமையில் தாம் எழுதிய நூலில் குறித்திருக்கின்றார்.

பேஸ்பால் என்பது நாம் அறிந்த கிரிக்கெட்டுக்கு உறவான ஓர் ஆட்டம். பந்தெறிபவர் எறிய, மட்டை பிடித்தவர் அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு நிலைகளையும் ஓடிச் சுற்றிவந்தால் ஒரு கணக்குக் கிடைக்கும். ஸ்பால்டிங் பந்தெறிவதில் வல்லவரானார். 1867-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வாஷிங்டன் நகரத்து நேஷனல் கழகத்தார் மேற்கு மாகாணங்களில் சுற்றுப்பயணம் செய்து, எதிர்த்தவர் அனைவரையும் எளிதில் வென்று வந்தனர். அவர்களைச் சிகாகோவில் எதிர்த்த ராக்போர்டுச் சங்கத்தார் 29-க்கு 23 என்னும் கணக்கில் வென்றனர். அந்நாளில் ராக்போர்டாருக்குப் பந்தெறிந்தவர் பதினேழு வயதுடைய ஸ்பால்டிங். நேஷனல் கழகத்தாருடன் கணக்கெழுதுபவராக வந்திருந்த பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் என்பவர். இவ்விருவர் வாழ்க்கையும் பிற்காலத்தில் பிணைந்த வகையைப் பின்னர்க் காண்போம்.

ஆட்டக்காரர்

1871-ஆம் ஆண்டில் ஸ்பால்டிங் ஊதியம் பெறும் ஆட்டக்காரராக ஹாரி ரைட் என்பவர் தலைமையில் இருந்த பாஸ்டன் கழகத்தில் சேர்ந்தார். ஹாரி ரைட் இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட்டு ஆடி வளர்ந்தவர். ஒழுங்கும் கணக்கும் தவறாதவர். கடிதங்களையும் செலவுக் குறிப்புகளையும் பத்திரமாகக் கட்டிவைக்கும் வழக்கமுடையவர். பாஸ்டன் கழகம் 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது. அவற்றுள் கடைசி ஆண்டில் ஸ்பால்டிங் பந்தெறிந்து வென்ற ஆட்டங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டன. 1874-இல் அமெரிக்கக் கழகங்கள் இரண்டு இங்கிலாந்துக்குச் சென்று பேஸ்பாலும் கிரிக்கெட்டும் ஆடிய பொழுது, முன்னதாகவே அந்நாடு சென்று ஏற்பாடுகளைச் செய்தவரும் இவரே.

1876-இல் வில்லியம் ஹல்பர்ட் என்பவர் நேஷனல் லீக் என்னும் கூட்டுறவை நிறுவிய பொழுது, ஸ்பால்டிங் சிகாகோ கழகத்தின் தலைவராகவும் பந்தெறிபவராகவும் இருந்து முதலாண்டிலேயே வெற்றி தேடித் தந்தார். ஆயினும் அவருடைய எண்ணம் ஆட்டத் திடலளவில் நின்றதன்று. அதே ஆண்டுத் தொடக்கத்தில் தம் தம்பி வால்ட்டருடன் சேர்ந்து, 800 டாலர் முதலிட்டு, சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றைத் திறந்தார்.

வணிகர்

அக்காலத்து ஆட்டக்காரர்கள் வெறுங்கையாலேயே பந்தைப் பிடித்தனர். கையுறை அணிவது கோழையின் செயல் என்று கூட்டத்தார் நகைப்பர். ஒருவர் கூச்சத்தால் தம் தோலின் நிறத்திலேயே கையுறை தைத்து அணிந்ததை ஸ்பால்டிங் முன்னமே கண்டிருந்தார். 1877-இல் தாமே கையுறை அணிந்தபொழுது, மறைவின்றி யாவரும் காணுமாறு கறுப்பு நிறத்ததைத் தேர்ந்துகொண்டார். புகழ்பெற்றவர் அணிந்தமையால் நகைப்பு ஒழிந்தது. அவர் கடையில் கையுறையும் விலைபோயிற்று. நன்மையையும் ஆதாயத்தையும் ஒரே கையால் பிடிக்கும் திறம் அவரிடம் இயல்பாக அமைந்திருந்தது.

தம் பந்தையே நேஷனல் லீக்கின் பந்தாக ஏற்கச் செய்ததும் அத்திறத்தின்பாற்பட்டதே. லீக் தம்மிடம் பந்து வாங்குவதற்கு விலை பெறுதற்கு மாறாக, தம் பந்தை ஆடுவதற்காக லீக்குக்கே பணம் கொடுத்தார். பெரிய ஆட்டங்களில் ஆடப்படும் பந்து என்னும் பெயர் பரவவே, நாடெங்கும் சிறுவர் அதனையே கேட்டு வாங்கினர். அவ்வுறவு அவர் காலத்துக்குப் பின்னரும் நெடுங்காலம் நீடித்து 1976 வரை நிலவியது.

பொருளை விற்பதற்கு முன் ஆட்டத்தைக் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே ஆண்டுதோறும் ஸ்பால்டிங் பேஸ்பால் கையேடு என்னும் புத்தகத்தை வெளியிட்டார். சென்ற ஆண்டின் ஆட்ட முடிவுகள், ஆட்டக்காரரின் கணக்குகள், திருத்தப்பெற்ற விதிகள் ஆகியவற்றுடன், கடைச் சாமான்களின் படங்களும் விலைகளும் அதில் இடம்பெற்றன. பின்னர் 1885 அளவில், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு சிறு நூலாக 10 சென்ட் விலையில் கிடைக்கும் வரிசையைத் தொடங்கினார். நீச்சல், சைக்கிள், கால்பந்து, குத்துச்சண்டை, உடற்பயிற்சி என அவ்வரிசை விரிந்தது. 1891-இல் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டமைத்த கூடைப்பந்தின் விதிகளும் இத்தகைய சிறு நூல்களின் வாயிலாகவே பரவின. அப்பள்ளியின் வழிவந்த ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளியை நிறுவி, நம் கல்லூரித் திடல்களுக்கு அவ்வாட்டம் வேரூன்ற உதவினார் என்பதை நினைந்தால், அச்சிறு நூல்களுக்கும் நமக்கும் உள்ள உறவு விளங்கும்.

அவர் கடையின் விலைப்பட்டியல்கள் தபாலில் நாடெங்கும் சென்றன. மட்டை, பந்து, தொப்பி, உடை, காலணி ஒவ்வொன்றுக்கும் மரச்செதுக்குப் படமும் எண்ணும் விலையும் அவற்றில் இருக்கும். இப்பொழுது அவற்றைத் தேடிச் சேர்ப்போர் படத்தின் அழகுக்காக மட்டும் சேர்ப்பதில்லை. பிடிப்பவர் முகத்தைக் காக்கும் கம்பிக் கவசம் 1877-இல் ஹார்வர்டு மாணவர் பிரெட் தேயர் என்பவரால் ஆக்கப்பெற்றது. அக்கவசம் பொதுமக்களிடையே எவ்வாண்டில் வழங்கியது, பின்னர் எவ்வாறு திருந்தியது, ஏழைச் சிறுவன் வாங்கத்தக்க மலிவான வகை எப்பொழுது தோன்றியது என்பனவற்றை ஆண்டு வரிசையாக அடுக்கிய பட்டியல்களே காட்டவல்லன.

உலகப் பயணம்

1888-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்பால்டிங் இரண்டு குழுக்களுடன் சிகாகோவினின்றும் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவுக்கு என்று தொடங்கிய பயணம் உலகத்தைச் சுற்றிவரும் பயணமாக விரிந்தது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆடியபின், 1889 ஜனவரியில் இலங்கையின் கொழும்பு நகரில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினர். கிரிக்கெட்டையே அறிந்த அந்நகரத்தார் அப்புதிய ஆட்டத்தை வியப்புடன் கண்டிருப்பர். பின்னர் எகிப்தில் பிரமிடுகளின் அருகே மணலில் ஆடி, இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளைக் கடந்து, ஏப்ரலில் நியூயார்க் மீண்டனர்.

இப்பயணத்தில் உடன் சென்ற ஜான் வார்டு என்பவர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர். அவர் கடல் கடந்து சென்றிருந்த காலத்தில், ஆட்டக்காரரை வகுப்பு வகுப்பாகப் பிரித்து ஊதியத்துக்கு எல்லை கட்டும் திட்டத்தைக் கழக உரிமையாளர்கள் நிறைவேற்றினர். ஓர் ஆட்டக்காரர் தம் விருப்பப்படி வேறு கழகத்துக்குச் செல்லக் கூடாது என்னும் கட்டும் முன்னமே இருந்தது. இவற்றைப் பொறாத ஆட்டக்காரர்கள் 1890-இல் தாங்களே தனி லீக் ஒன்றை நிறுவினர். ஒருகாலத்தில் தாமும் ஊதியம் பெற்று ஆடிய ஸ்பால்டிங் இப்பொழுது உரிமையாளர் பக்கத்துத் தளபதியாக நின்று, ஓராண்டுக்குள் அப்புதிய லீக்கை முறியடித்தார். வணிகத்தில் அது வெற்றியே. உடன் ஆடியவர்களின் உள்ளத்தில் அதனால் விளைந்த புண் எளிதில் ஆறவில்லை. சரிதம் எழுதுவோர் இதனையும் மறைத்தல் தகாது.

நண்பர் சாட்விக்

இனி, முன்னர்க் கூறிய ஹென்றி சாட்விக்கை நோக்குவோம். 1824-இல் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரில் பிறந்த இவர், இளமையில் பெற்றோருடன் அமெரிக்கா சென்று புரூக்ளினில் குடியேறினார். முதலில் கிரிக்கெட்டுச் செய்தி எழுதியவர், பின்னர்ப் பேஸ்பாலில் உள்ளம் தோய்ந்து, ஆட்டத்தைக் கட்டங்களில் எண்களாகக் குறிக்கும் முறையை வளர்த்தார். 1860-இல் 10 சென்ட் விலையில் வெளிவந்த பீடில் கம்பெனியின் பேஸ்பால் கையேடு இவர் தொகுத்தது. ஆண்டுக் கையேடுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. 1881 முதல் ஸ்பால்டிங் கையேட்டின் ஆசிரியராக விளங்கினார். தாம் எழுதியவற்றையும் பிறர் எழுதியவற்றையும் கத்தரித்து ஒட்டிய ஏடுகள், பழைய விதிப் புத்தகங்கள், கழகங்களின் குறிப்புகள் முதலியவற்றை அரை நூற்றாண்டாகச் சேர்த்து வைத்திருந்தார். பிறர் குப்பையில் இட்டவை அவர் அறையில் சரித்திரமாயின.

இவ்விரு நண்பர்க்கும் ஒரு பொருளில் கருத்து மாறுபட்டது. தாம் இங்கிலாந்தில் சிறுவராய் இருந்தபொழுது ஆடிய ரவுண்டர்ஸ் என்னும் ஆட்டத்தினின்றே பேஸ்பால் தோன்றிற்று என்பது சாட்விக்கின் துணிபு. 1903-ஆம் ஆண்டுக் கையேட்டிலும் அதனை எழுதினார். ஸ்பால்டிங்கோ, அது முழுதும் அமெரிக்க மண்ணிற் பிறந்த ஆட்டம் என்று நிலைநாட்ட விரும்பினார். தேசாபிமானமும் வணிகமும் அவ்விருப்பத்தில் கலந்திருந்தன.

வழக்கும் முடிவும்

1905-இல் ஸ்பால்டிங்கின் தூண்டுதலால், ஏ. ஜி. மில்ஸ் என்பவர் தலைமையில் ஏழு பேர் கொண்ட குழு ஒன்று இதனை ஆராய அமைந்தது. நாடெங்குமிருந்து முதியோர் நினைவுகள் கடிதங்களாக வந்தன. அவற்றுள் ஆப்னர் கிரேவ்ஸ் என்னும் சுரங்கப் பொறியாளர் எழுதிய கடிதம் ஒன்று. நியூயார்க் மாகாணத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் ஆப்னர் டபிள்டே என்பவர் 1839 அளவில் இவ்வாட்டத்தை வகுத்ததாக அது கூறிற்று. டபிள்டே உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற படைத்தலைவர். அமெரிக்கர் உவக்கும் பெயர். 1907-ஆம் ஆண்டின் இறுதியில் மில்ஸ் அதனையே முடிவாக எழுத, அம்முடிவு 1908-ஆம் ஆண்டுக் கையேட்டில் வெளியாயிற்று.

அக்கூற்றைத் தாங்குவதற்கு அக்காலத்து ஏடு ஒன்றேனும் காட்டப்படவில்லை. 1839-இல் டபிள்டே வெஸ்ட் பாயின்ட் இராணுவப் பள்ளியில் மாணவராயிருந்தார். 1893-இல் இறக்கும்வரை தாம் ஓர் ஆட்டத்தைக் கண்டதாக அவர் உரிமை கொண்டாடியதில்லை. கிரேவ்ஸோ அவ்வாண்டில் ஐந்து வயதுக் குழந்தை. ஆயினும் இனிய கதை வலிய சான்றைக் காட்டிலும் விரைந்து பரவுவது உலக இயல்பு. பள்ளிப் பிள்ளைகள் அதனை உண்மை என்றே கற்றனர்.

1908 ஏப்ரலில் சாட்விக் காலமானார். வாதத்தில் தம்மை எதிர்த்த நண்பருக்கே தம் நூல்களையும் ஏடுகளையும் உரிமையாக விட்டுச் சென்றார். ஸ்பால்டிங் அவற்றைப் போற்றிக் காத்தார். 1895-இல் இறந்த ஹாரி ரைட்டின் கடிதங்களும், 1845-இல் விதிகளை எழுதி வைத்து ஆடிய நிக்கர்பாக்கர் கழகத்தின் பழைய குறிப்பேடுகளும் அத்திரட்டில் சேர்ந்தன. அவற்றைத் துணைக்கொண்டு 1911-இல் அமெரிக்காவின் தேசிய ஆட்டம் என்னும் பெரு நூலை ஸ்பால்டிங் வெளியிட்டார். டபிள்டே கதை அதிலும் இடம்பெற்றது.

தம் இறுதி ஆண்டுகளை அவர் கலிபோர்னியாவில் சான் டியேகோ அருகே பாயின்ட் லோமா என்னுமிடத்தில் கழித்தார். 1910-இல் ஐக்கிய நாடுகளின் செனட் சபைக்குப் போட்டியிட்டு வெற்றி பெறாது போனார். 1915-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் உயிர் நீத்தார். 1921-இல் அவர் மனைவியார் அத்திரட்டு முழுவதையும் நியூயார்க் பொது நூல்நிலையத்துக்கு நன்கொடையாக அளித்தார். யார்க்கும் விற்காமல் எவரும் வந்து படிக்கத்தக்க இடத்தில் அவற்றை வைத்தது அக்குடும்பத்தார் செய்த பேருதவி.

ஏடுகளின் தீர்ப்பு

அதே நூல்நிலையத்தில் பணிபுரிந்த ராபர்ட் ஹெண்டர்சன் என்பவர் பழைய விளையாட்டு நூல்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1834-இல் பாஸ்டனில் ராபின் கார்வர் வெளியிட்ட சிறுவர் விளையாட்டு நூலில், பேஸ் என்னும் பெயரில் காணப்பட்ட விதிகள், சில ஆண்டுகட்கு முன் லண்டனில் அச்சான நூலொன்றில் ரவுண்டர்ஸ் என்னும் தலைப்பில் இருந்தவையே என்று கண்டார். டபிள்டே ஆட்டத்தை வகுத்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே விதிகள் அமெரிக்காவில் அச்சாகியிருந்தன! 1939-இல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் நினைவு மண்டபம் கோலாகலமாகத் திறக்கப்பட்ட அதே ஆண்டில் ஹெண்டர்சனின் கட்டுரை வெளிவந்தது. 1947-இல் அது விரிந்து நூலாயிற்று. கதை வீழ்ந்தது.

ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. பழைய பேஸ்பால் நூல்களைத் தேடிச் சேர்த்த டேவிட் பிளாக் என்பவர் 2005-இல் வெளியிட்ட நூலில், சாட்விக்கின் கொள்கையும் முழுதும் சரியன்று என்று காட்டினார். ரவுண்டர்ஸ் என்னும் பெயர் அச்சில் தோன்றுமுன்பே, 1744-இல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தில் பேஸ்பால் என்னும் பெயர் படத்துடன் வந்துளது. 1796-இல் ஜெர்மானியரான கூட்ஸ்மூட்ஸ் தம் விளையாட்டு நூலில் அதன் விதிகளை எழுதியிருக்கிறார். ஆட்டம் இங்கிலாந்தினது என்பதில் சாட்விக் வென்றார். அதன் தாய் ரவுண்டர்ஸ் என்பதில் அவரும் தோற்றார். நியூபெரியின் புத்தகத்துக்கு 1744-ஆம் ஆண்டு முதற்பதிப்பின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. பிற்பதிப்புகளாலேயே அதனை அறிகின்றோம். குழந்தைகள் கையில் தேய்ந்து கிழிந்து மறைந்தது ஒரு சரித்திரச் சான்று.

நூல்நிலையத்துத் திரட்டும் தீங்குக்குத் தப்பவில்லை. 1987-இல் கணக்கெடுத்தபொழுது பல கடிதங்களும் ஏடுகளும் களவு போயிருந்தமை தெரியவந்தது. பழைய ஏடுகளுக்கு விலை உயர உயர, அவற்றை விரும்புவோரோடு கவர்வோரும் பெருகினர். பொதுச் சொத்தாகிய ஏட்டைத் தன் அலமாரியில் பூட்டி வைப்பவன் எத்துணை விலை கொடுத்திருந்தாலும் காப்பவன் ஆகான்.

ஸ்பால்டிங்கின் வாழ்வை நிறுத்துப் பார்க்குமிடத்து, குணமும் குற்றமும் கலந்தே தோன்றுகின்றன. அவர் ஆட்டத்தில் வீரர், வணிகத்தில் சூரர், தாம் விரும்பிய முடிவுக்குச் சான்று தேடியதில் தவறியவர். ஆயினும் தம் கருத்துக்கு மாறான நண்பரின் ஏடுகளை அழிக்காமலும் ஒளிக்காமலும் ஒருங்கே காத்தார் என்பது அவர்க்கு நீங்காப் புகழ். வாய்மொழியால் கட்டிய மாளிகை சரிந்தது. அவர் காத்த காகிதம் நிலைத்தது. இன்று கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் அவர்க்கும் சாட்விக்குக்கும் ஒருங்கே நினைவுப் பலகைகள் உள்ளன.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி ஆட்டக் கழகங்களின் பழைய கணக்கேடுகளும், பந்தயச் சீட்டுகளும், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகளும், மங்கிய புகைப்படங்களும் எங்கேனும் ஒரு பெட்டியில் தூசி படிந்து கிடக்கலாம். பழைய மாணவர்களின் வீடுகளிலும் அத்தகையன இருக்கக்கூடும். அவற்றைக் குப்பை என்று எறியுமுன் ஆண்டும் பெயரும் குறித்து நூல்நிலையத்தில் ஒப்படைத்தல் நம் கடமை. நாம் இன்று பெருமையுடன் சொல்லும் கழகக் கதை ஒன்றை அவை நாளை பொய்யாக்கினும் ஆக்குக; அதற்கு அஞ்சி ஓர் ஏட்டையும் மறைக்காதிருப்போமாக.